பின்பக்கம் நிமிர்ந்தால் போதுமா?

கேம்ப்கிரவுண்டில் ஒருவர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தால், அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் கண் முதலில் போகிற இடம் டிரக்கின் பின் பம்பர்தான். அது தொய்ந்திருந்தால் ஹிட்ச், அதாவது டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் அமைப்பு, சரியில்லை என்பார்கள். தொய்யாமல் இருந்தால், "நல்லா செட் பண்ணியிருக்கார்" என்று தலையாட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். டிரெய்லர் வைக்கும் பாரத்தை அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சை வாங்குகிறவர்களில் பலர் வாங்குவதே இதற்காகத்தான். பின்பக்கம் தொங்கக் கூடாது, வண்டி நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பேச்சு எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. பின் பம்பரின் உயரத்தைப் பார்த்து ஹிட்ச்சை இறுக்குவது தவறு, சில நேரம் ஆபத்தும்கூட என்பது என் கட்சி. பார்க்க வேண்டியது முன் சக்கரத்தை. அதையும் கண்ணால் பார்த்துப் பிரயோஜனமில்லை. அளவு டேப்பும் எடைமேடைச் சீட்டும் வேண்டும்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டென்வருக்குத் தெற்கே. கோடையிலும் செப்டம்பரிலும் வயோமிங் பக்கம் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவது வழக்கம். இழுக்கிற வண்டி 'அரை டன்' ரகம் என்று இங்கே சொல்லப்படும் பிக்கப் டிரக். இழுபடுவது 24 அடி நீளமுள்ள, இரட்டை அச்சு டிரெய்லர்; சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றினால் 5,900 பவுண்டுக்குச் சற்று மேலே. இந்த ஊரில் இது ரொம்பச் சாதாரணமான ஜோடி. அதனால்தான் இதைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. பெரிய டீசல் டிரக் வைத்திருப்பவர்களுக்கு இதில் கொஞ்சம் அலட்சியம் இருந்தாலும் வண்டி தாங்கிக்கொள்ளும். நம்மைப் போன்றவர்களின் வண்டிக்கு அந்தத் தாராளம் கிடையாது.

பின்னால் வைத்த பாரம் முன்னால் செய்யும் வேலை

டிரெய்லரின் மூக்கு வந்து உட்காரும் இரும்பு உருண்டையான ஹிட்ச் பந்து பின் அச்சுக்கு நேர் மேலே இருப்பதில்லை. என் டிரக்கில் அது பின் அச்சிலிருந்து சுமார் 65 அங்குலம் பின்னால் தள்ளி இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 145 அங்குலம். டிரெய்லரின் மூக்கு அந்தப் பந்தின் மேல் 740 பவுண்டு பாரத்தை வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சில் ஏறுவது வெறும் 740 இல்லை. 740-ஐ 65-ஆல் பெருக்கி 145-ஆல் வகுத்தால் 330 சொச்சம் வரும். அந்த 330 பவுண்டு முன் அச்சிலிருந்து கழன்று, அதுவும் பின் அச்சின் தலையிலேயே வந்து உட்காருகிறது. ஆக, பின்னால் 1,070 கூடுகிறது, முன்னால் 330 குறைகிறது. பின்பக்கம் தொய்வது கண்ணுக்குத் தெரிகிறது. முன்பக்கம் ஒரு அங்குலம் எழும்பியிருப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆனால் ஸ்டியரிங் இருப்பதும், பிரேக்கில் பெரும்பங்கு வேலை செய்வதும் அந்த முன் சக்கரங்கள்தான். மழையில் வளைவு எடுக்கும்போது அந்த 330 பவுண்டின் அருமை தெரியும்.

அதை முன்னால் திருப்பிக் கொண்டுபோகத்தான் இந்த ஹிட்ச். ஹிட்ச் தலையிலிருந்து இரண்டு எஃகு ஸ்பிரிங் பார்கள் டிரெய்லரின் சட்டத்துக்கு அடியில் பின்னோக்கி நீள்கின்றன. அவற்றின் நுனியைச் சங்கிலி போட்டு மேலே இழுத்துச் சட்டத்தோடு மாட்டும்போது பார் வளைகிறது. வளைந்த எஃகு நிமிரப் பார்க்கும். அந்த விசை ஹிட்ச் தலையைப் பிடித்து டிரக்கை முன்பக்கமாகத் திருப்ப முயல்கிறது. முன் அச்சு கீழே அழுந்துகிறது, பின் அச்சு கொஞ்சம் மூச்சு விடுகிறது, டிரெய்லரின் சக்கரங்களுக்கும் ஒரு பங்கு போகிறது. மொத்த எடையில் ஒரு பவுண்டுகூடக் குறைவதில்லை. இருக்கிற பாரம் மூன்று இடங்களுக்கும் வேறு மாதிரி பிரிகிறது, அவ்வளவுதான். இதைச் சொல்லக் காரணம், "இந்த ஹிட்ச் போட்டால் வண்டியின் இழுக்கும் சக்தி கூடும்" என்று நம்புகிறவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். கூடாது. டிரக்கின் பின்னால் ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழாயான ரிசீவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இந்த ஹிட்ச் இல்லாமல் இவ்வளவு, இருந்தால் இவ்வளவு என்று இரண்டு வரி இருக்கும். அது ரிசீவர் தாங்குவதைச் சொல்வது மட்டும்தான். டிரக்கின் மற்ற வரம்புகள் அப்படியே இருக்கின்றன.

விற்ற இடத்தில் மாட்டிக் கொடுத்தது

டிரெய்லர் வாங்கிய இடத்திலேயே ஹிட்ச்சையும் மாட்டிக் கொடுத்தார்கள். அப்போது டிரெய்லர் காலி. தண்ணீர் இல்லை, கேஸ் சிலிண்டர் நிரப்பவில்லை, பாத்திரம் பண்டம் எதுவும் ஏறவில்லை. மூக்கில் இருந்த பாரம் விளம்பரத் தாளில் போட்டிருந்த அளவுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஏற்றியதும் பின்பக்கம் இறங்கியது, இறங்கத்தான் செய்யும். இரண்டு கேஸ் சிலிண்டரும் பேட்டரியும் மூக்கிலேயே உட்காருகின்றன. முன்பக்க அலமாரியில் குழாய், வயர், நாற்காலி என்று நாம் அடைப்பதெல்லாம் அங்கேதான் அழுத்துகிறது. திரும்பவும் சர்வீஸ் பிரிவுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்தார். ஹிட்ச் தலையில் வாஷர் சேர்த்துச் சாய்வைக் கூட்டினார், சங்கிலியில் ஒரு கண்ணி குறைத்து மாட்டினார், பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தார். பின் பம்பர் நிமிர்ந்திருந்தது. "இப்போது பாருங்கள், எவ்வளவு நேராக நிற்கிறது" என்றார்.

அவர் கையில் டேப் இல்லை. டிரெய்லரைக் கழற்றி டிரக்கை மட்டும் அளக்கவும் இல்லை. அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டிகளை அனுப்புகிற இடம் அது. ஆனால் அங்கே எல்லோரும் அளவுகோலாக வைத்திருந்தது பின் பம்பரை மட்டும்தான். என் மனதில் நெருடல் ஆரம்பித்தது அங்கேதான்.

ஃபோர்ட் காலின்ஸிலிருந்து வயோமிங்கின் லாரமிக்கு யூஎஸ் 287 சாலையில் ஏறினால் இரண்டு பக்கமும் புல்வெளியும் பாறையுமாகப் போகும். அழகான சாலை, ஆனால் பக்கக் காற்று கொஞ்சமும் ஓயாது. அந்தப் பாதையில் எதிரே பெரிய லாரி கடக்கும்போதெல்லாம் எங்கள் டிரக்கின் பின்பகுதி ஒரு கணம் தன் போக்கில் நகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தது. டிரெய்லர் ஆடுவது வேறு. அது பின்னாலிருந்து நாயின் வாலைப் போல மாறி மாறி இழுக்கும். இது அப்படியில்லை. ஸ்டியரிங் கனமாகவும் கூர்மையாகவும் இருந்தது, சற்றுத் திருப்பினாலே முன்பக்கம் கடித்துத் திரும்பியது, பின்பக்கம் மட்டும் தரையில் சரியாக ஊன்றாத மாதிரி. இன்னொரு அடையாளமும் இருந்தது. பாரை மாட்ட நெம்பு குழாயின் மேல் என் முழு உடம்பையும் போட வேண்டியிருந்தது. டிரெய்லர் சட்டத்தில் சங்கிலிக் கொக்கி உட்காரும் இடத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. புது டிரெய்லரில் இது நல்ல சகுனம் இல்லை.

லாரமியில் எடைமேடை

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்புகளில் எடைமேடை இருக்கும். 1977-ல் அயோவா மாநிலத்து வால்காட்டில் ஆரம்பித்த கேட் ஸ்கேல் நிறுவனத்தின் மேடைகள்தான் அதிகம் கண்ணில் படும். சாதாரண எடைமேடையில் வண்டியின் மொத்த எடை மட்டும்தான் வரும். இங்கே மேடை தனித்தனிப் பலகைகளாக இருக்கும். முன் சக்கரம் ஒரு பலகையில், பின் சக்கரம் அடுத்ததில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்தினால் மூன்று எடையும் தனித்தனியாகச் சீட்டில் வந்துவிடும். முதல் எடைக்கு ஒரு கட்டணம், அதே நாளில் திரும்ப எடை போட்டால் அதைவிடக் குறைவு. டிரெய்லர் இழுக்கிற குடும்பங்கள் இதைப் பெரும்பாலும் லாரிக்காரர்களின் சமாசாரம் என்று நினைத்து அந்தப் பக்கமே போவதில்லை. அந்த ஒரு சீட்டுக்கு ஈடாக வேறு எந்த ஆலோசனையையும் நான் சொல்ல மாட்டேன்.

அன்று லாரமியில் ஒரு டிரக் ஸ்டாப்பில் எல்லாவற்றையும் எடை போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். முதலில் பார்கள் மாட்டியபடியே. அப்புறம் ஓரமாகப் போய் நிறுத்தி, பார்களை மட்டும் அவிழ்த்துவிட்டு, டிரெய்லர் பந்தில் தொங்கியபடி இரண்டாவது எடை. கடைசியாக டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, அதே ஆட்கள், அதே சாமானோடு டிரக் மட்டும். குடும்பத்தில் ஒருவர்கூட இறங்கி நிற்கக் கூடாது, எடை மாறிவிடும்.

டிரக் மட்டும்: முன்னால் 3,320, பின்னால் 2,800. டிரெய்லர் மாட்டி, பார் இல்லாமல்: முன்னால் 2,980, பின்னால் 3,880, டிரெய்லர் அச்சில் 5,180. விற்ற இடத்தில் இறுக்கிக் கொடுத்த பார்களோடு: முன்னால் 3,420, பின்னால் 3,200, டிரெய்லரில் 5,420.

சீட்டு மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தது என் மனைவி. "ஏங்க, டிரெய்லரே இல்லாதப்போ முன்னாடி 3,320. மாட்டினதுக்கு அப்புறம் 3,420. பாரத்தைப் பின்னாடி வச்சா முன்னாடி எப்படிங்க கூடும்?"

அந்தக் கேள்வியில் எல்லாம் வந்துவிட்டது. பார் இல்லாமல் முன் அச்சு இழந்தது 340 பவுண்டு. பார்கள் அதற்குத் திருப்பிக் கொடுத்தது 440. இழந்ததைவிட 100 அதிகம். பின் பம்பர் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பின் அச்சிலிருந்து 680 பவுண்டை வாரி எடுத்துவிட்டார்கள். டிரக் மட்டும் இருக்கும்போது இருந்ததைவிடப் பின் அச்சில் இன்னும் 400 கூடுதலாகத்தானே இருக்கிறது, அப்புறம் என்ன என்று தோன்றலாம். ஆனால் டிரக் மட்டும் போகும்போது அந்தப் பின் டயர்களைப் பக்கவாட்டில் தள்ள யாருமில்லை. டிரெய்லர் மாட்டியபின் காற்று அடித்தாலும் வளைவு வந்தாலும் கிட்டத்தட்ட மூன்று டன் எடை பந்து வழியாக டிரக்கின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது டயர் தரையைப் பிடிக்கும் பிடி. பிடி வருவது அதன் மேலிருக்கும் எடையிலிருந்து. எடையை எடுத்தால் பிடி போகும். முன் டயரோ தேவைக்கு மேல் பிடிக்கிறது. இந்த நிலையில் வளைவில் வேகம் மிஞ்சினால் முதலில் வழுக்குவது பின்பக்கம். முன்பக்கம் வழுக்கினால் வண்டி வளைவுக்கு வெளியே ஓடும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பின்பக்கம் வழுக்கினால் டிரெய்லர் அதை மேலும் தள்ளும், டிரக்கும் டிரெய்லரும் கத்தரிக்கோலாக மடியும் வரை. சாதாரண ஓட்டுநர் யாராலும் அங்கிருந்து மீள்வது கடினம்.

பாதி போதும் என்பது எங்கிருந்து வந்தது

முன்பு பரவலாகச் சொல்லப்பட்ட ஆலோசனை வேறு: முன்பக்கம் பழைய உயரத்துக்கு முழுசாக வரும்வரை இறுக்கு. இப்போதும் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். பல டிரக் கம்பெனிகள் சொல்வது மாறிவிட்டது; முன் அச்சு இழந்ததில் பாதியைப் போல ஒரு பங்கு திரும்பினால் போதும் என்கிறார்கள். வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ-யின் ஜே2807 என்ற தரநிலை, எந்த வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்பதை ஆளுக்கொரு கணக்கில் சொல்லாமல் ஒரே மாதிரிச் சோதித்துச் சொல்ல வைத்தது. டொயோட்டா 2011 மாடல்களிலேயே அதற்கு மாறியது. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகிலுள்ள நீண்ட ஏற்றத்தில் ஏசியை முழுவதும் போட்டுக்கொண்டு இழுக்க வேண்டும் என்ற சோதனையைத்தான் விளம்பரங்களில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதில் இருக்கும் இன்னொரு சோதனை: டிரெய்லர் மாட்டிய நிலையில் வளைவில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது, பின்பக்கம் வெளியே தள்ளுகிறதா என்பது. முன் அச்சுக்கு எடையைத் திருப்பிக் கொடுக்கக் கொடுக்க அந்தப் பாதுகாப்பு கரைந்துகொண்டே வரும்.

ஃபோர்டு எஃப்-150 கையேடு சொல்லும் முறை அழகானது, எளிமையானது. டிரெய்லர் இல்லாமல், சாமான் ஏற்றிய டிரக்கைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு மேலே ஃபெண்டர் வளைவின் உச்சி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அள. டிரெய்லரை மாட்டி, பார் போடாமல் திரும்ப அள. அப்புறம் பார்களை மாட்டி, உயரம் அந்த இரண்டு அளவுக்கும் நடுவில் வரும்வரை சரிசெய். இதில் அளப்பது முன் ஃபெண்டரை, பின் பம்பரை இல்லை. ஆனால் பாதி என்பது எல்லா வண்டிக்கும் பொதுவான சட்டமில்லை. சில கம்பெனிகள் வேறு அளவு சொல்கின்றன, சில வண்டிகளுக்கு இந்த வகை ஹிட்ச்சே கூடாது என்கிறார்கள். அவரவர் வண்டியின் கையேட்டில் டிரெய்லர் பற்றிய பக்கங்களைப் படித்தே ஆக வேண்டும். கடைக்காரர் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, நான் இங்கே எழுதியது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டேப்பும் நெம்பு குழாயும்

அன்று மாலை லாரமியிலேயே தங்கினோம். கான்கிரீட் தளம் போட்ட இடம் கிடைத்ததில் பாதி வேலை முடிந்தது. சரிவான தரையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. முன் ஃபெண்டரில் அடையாளத்துக்கு ஒட்டுநாடா ஒரு துண்டு ஒட்டி, அங்கிருந்தே ஒவ்வொரு முறையும் அளந்தேன். டிரக் மட்டும் நிற்கும்போது 36¼ அங்குலம். டிரெய்லரை மாட்டி, பார் இல்லாமல் 37¼. கடைக்காரர் வைத்தபடி பாரோடு 36. எடைமேடை சொன்ன அதே கதையை ஒரு டேப்பும் சொல்லிவிட்டது. நடு அளவு 36¾. அதுதான் இலக்கு.

சரிசெய்ய இரண்டு வழி இருக்கின்றன. சங்கிலியின் கண்ணி ஒன்று. ஒரு கண்ணி கூட்டினாலோ குறைத்தாலோ பெரிய மாற்றம் வரும். ஹிட்ச் தலையின் சாய்வு இன்னொன்று. ஹிட்ச் தலையைத் தாங்கி ரிசீவருக்குள் போகும் தண்டான ஷாங்க்கில் வாஷர்களைக் கூட்டிக் குறைத்தால் பாரின் நுனி கொஞ்சம் ஏறும், இறங்கும், அது நுணுக்கமான மாற்றம். கண்ணிகளை இஷ்டத்துக்குக் குறைக்கக் கூடாது. என் ஹிட்ச்சின் கையேடு பாருக்கும் கொக்கிக்கும் நடுவில் குறைந்தது ஐந்து கண்ணி இருக்க வேண்டும் என்கிறது. அதைவிடக் குறைந்தால் டிரக் ஓரமாகத் திரும்பும்போது சங்கிலிக்குப் போக இடமில்லாமல் இழுத்துக்கொள்ளும். கடையில் குறைத்த கண்ணியைத் திருப்பிக் கொடுத்தேன், வாஷர் ஒன்றைக் கழற்றினேன், அளந்தேன். 36½. இன்னும் ஒரு வாஷர். 36¾-க்கு வந்து நின்றது. டிரெய்லரும் மட்டமாக, மூக்கு மிகச் சற்றே தாழ்ந்து நின்றது; அது சரி. மூக்கு தூக்கி நிற்கும் டிரெய்லரை மட்டும் ஒருபோதும் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

பாரை மாட்டும் முறையை எழுதாமல் விடக் கூடாது. கை விரலும் தாடையும் போவது இங்கேதான். டிரெய்லர் மூக்கில் பந்தைக் கவ்வும் கப்ளரைப் பந்தில் பூட்டி, பூட்டில் பாதுகாப்பு ஊசியைச் செருகியபிறகு, டிரெய்லரின் ஜாக்கைச் சுற்றி மூக்கை மேலே தூக்க வேண்டும். பூட்டியிருப்பதால் டிரக்கின் பின்பக்கமும் கூடவே எழும்பும். நன்றாகத் தூக்கினால் பார் கிட்டத்தட்டத் தளர்வாகவே இருக்கும், கொக்கியை ஒரு கையால் நெம்பி நிமிர்த்திவிடலாம். குழாயின் மேல் ஏறித் தொங்க வேண்டியிருந்தால் ஜாக் போதவில்லை என்று அர்த்தம். குழாயைப் பிடிக்கும்போது அது திரும்ப அடிக்கும் பாதையில் முகமோ முழங்காலோ இல்லாமல், ஓரமாக நிற்க வேண்டும். கொக்கி நிமிர்ந்ததும் அதன் பாதுகாப்பு ஊசியைச் செருகிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். கழற்றும்போதும் முதலில் ஜாக், அப்புறம்தான் கொக்கி. குழந்தைகள் அந்த நேரத்தில் டிரெய்லர் மூக்குப் பக்கம் வரக் கூடாது என்பது எங்கள் வீட்டில் கண்டிப்பான விதி.

பந்தைப் பிடிக்கும் நட் இன்னொரு விஷயம். 1¼ அங்குல தண்டுள்ள பந்துக்கு வழக்கமாகச் சொல்லும் முறுக்கம் 450 பவுண்டு-அடி. வீட்டில் இருக்கும் சாதாரண டார்க் ரெஞ்ச் அந்த அளவுக்குப் போகாது. பெரிய ரெஞ்ச் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் இறுக்கிக்கொள்வது நல்லது. ஹிட்ச் தலையின் போல்ட்டுகளையும் கொஞ்ச தூரம் ஓடியபிறகு ஒருமுறை திரும்பச் சோதிக்க வேண்டும்.

மறுநாள் காலை அதே எடைமேடை. முன்னால் 3,160, பின்னால் 3,600, டிரெய்லரில் 5,280. இழந்த 340-ல் 180 திரும்பி வந்திருந்தது, பாதிக்குச் சற்று மேலே. பின் அச்சின் வரம்பு எங்கள் டிரக்கில் 4,050. அதற்கு உள்ளேதான் இருந்தோம். பின் பம்பர் முன்பைவிடத் தாழ்ந்திருந்தது. பெட்ரோல் போடும்போது பக்கத்தில் நின்ற ஒருவர், "இன்னொரு கண்ணி ஏற்றலாமே" என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். நான் அவரிடம் சீட்டைக் காட்டினேன்.

லாரமியிலிருந்து ராலின்ஸ் போகும் ஐ-80 நெடுஞ்சாலை, ஆர்லிங்டன், எல்க் மலை பக்கமெல்லாம் காற்றுக்குப் பேர்போனது. காற்று மிஞ்சினால் உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்கு மட்டும் சாலையை மூடிவிடுவார்கள். டிரெய்லர் அந்த ரகம்தான். அன்று மூடவில்லை, ஆனால் காற்று இருந்தது. லாரிகள் கடக்கும்போது வண்டி ஒரே துண்டாக நகர்ந்தது. பின்பக்கம் தனியாகக் கழன்று போவது மாதிரி இருந்த உணர்வு போய்விட்டது. அப்படியும் மணிக்கு 60 மைலுக்கு மேல் போகவில்லை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் 55 மைல்தான் சட்டம். வேறு சில மாநிலங்களில் 75, 80 என்று போர்டு வைத்திருக்கிறார்கள் என்பதற்காக டிரெய்லரோடு அந்த வேகத்தில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

இறுக்கினால் ஆட்டம் நிற்குமா

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. டல்லாஸில் இருக்கும் நண்பன், என்னைவிட இளையவன், சமீபத்தில் டிரெய்லர் வாங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான். "அண்ணா, 60 தாண்டினாலே பின்னாடி ஆட ஆரம்பிக்குது. செயினை இன்னும் ரெண்டு கண்ணி டைட் பண்ணிட்டா நின்னுடும்ல?"

நிற்காது. எடையைப் பிரித்துக் கொடுப்பது ஒரு வேலை, ஆட்டத்தை அடக்குவது வேறு வேலை. சில ஹிட்ச்களில் உராய்வு மூலம் ஆட்டத்தை அடக்கும் அமைப்பும் சேர்ந்தே வருகிறது, அதனால் இரண்டும் ஒன்று என்று ஆகிவிட்டது. அந்த உராய்வும் ஓரளவுக்குத்தான். டிரெய்லருக்குள் பாரம் எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. ஊரில் மாட்டு வண்டியில் மூட்டை அடுக்குகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்க்காமல் அடுக்க மாட்டார்கள். பின்பாரமாகிவிட்டால் நுகத்தடி மேலே கிளம்பி மாட்டின் கழுத்தை இறுக்கும் என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். டிரெய்லரிலும் அதே கணக்குதான். இங்கே மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பாவில் இதைவிடக் குறைந்த மூக்குப் பாரத்தோடு இழுக்கிறார்கள்தான், ஆனால் அங்கே டிரெய்லர்களின் அமைப்பும் வேறு, வேகமும் குறைவு. ஜெர்மனியில் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அந்த அளவை மட்டும் இங்கே கொண்டுவந்து டெக்சாஸ் வேகத்தில் ஓட்ட முடியாது.

அவனைக் குளியலறை எடை மிஷினை எடுத்து வரச் சொன்னேன். ஒரு கனமான கட்டை, அதன் ஒரு முனைக்கு அடியில் செங்கல்லும் குழாயும், மறு முனைக்கு அடியில் குழாய் வைத்த எடை மிஷின். டிரெய்லரின் ஜாக் கட்டையில் உட்காரும் இடம் செங்கல் பக்கத்திலிருந்து ஒரு அடி, மிஷின் பக்கத்திலிருந்து இரண்டு அடி. மிஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்குப் பாரம். காட்டியது 133. ஆக 400 பவுண்டு. டிரெய்லர் மொத்தம் 5,000. எட்டு சதவீதம். பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன். குடும்பம் முழுவதுக்குமான சைக்கிள்கள், அதற்கான ரேக், எல்லாம் பின் பம்பரில். சுமார் 200 பவுண்டு, அச்சிலிருந்து 12 அடி பின்னால். அச்சிலிருந்து பந்து 16 அடி. அந்த 200 பவுண்டு மூக்கிலிருந்து 150 பவுண்டைத் தூக்கிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் பாரை இறுக்கினால் பந்தின் மேலிருக்கும் பாரத்திலும் கொஞ்சம் டிரெய்லர் அச்சுக்கே போகும். சைக்கிள்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

சைக்கிள்களை டிரக்கின் பெட்டிக்கு மாற்றினான். மூக்குப் பாரம் 550-க்கு வந்தது. அதற்கப்புறம்தான் டேப்பை எடுத்து ஃபெண்டரை அளக்கச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் பார்க்கச் சொன்னேன். 40 கேலன் என்றால் 330 பவுண்டு. அது அச்சுக்கு முன்னால் இருந்தால் மூக்கில் கூடும், பின்னால் இருந்தால் குறையும். நிரப்பிப் போகிற பழக்கமானால் நிரப்பித்தான் அளக்க வேண்டும். சைக்கிள் டிரக்குக்குப் போனதால் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் "ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது" என்று போட்டிருக்கும் எண்ணையும் திரும்பக் கணக்குப் போட வேண்டியிருந்தது. மூக்குப் பாரமும் அந்த எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும். அரை டன் டிரக்குகளில் இழுக்கும் சக்தி மிச்சமிருக்கும்போதே இந்த எண் தீர்ந்துவிடும்.

அவனிடம் கடைசியாகச் சொன்னது, ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது என்பது. ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாதே, நேராகப் பிடி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு, டிரக் பிரேக்கை மிதிக்காதே. டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரில் கையால் தள்ளும் நெம்புகோல் இருக்கிறதே, அதைத் தள்ளி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடி. பின்னாலிருந்து இழுபட்டு டிரெய்லர் நேராகிவிடும். இதை மனதால் தெரிந்து வைத்திருந்தால் போதாது. காலி மைதானத்தில் கண்ணால் பார்க்காமல் கை அந்த நெம்புகோலுக்குப் போகும்வரை பழகச் சொன்னேன். அவன் மனைவியும் ஓட்டுகிறவர், அவரும் பழகினார்.

டிரெய்லர் விற்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. ஹிட்ச் மாட்டிக் கொடுக்கக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தக் கட்டணத்துக்கு மூன்று ஃபெண்டர் அளவுகளை எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுக்க வேண்டும்: டிரெய்லர் இல்லாமல், பார் இல்லாமல், பாரோடு. கீழே ஒரு வரி: டிரெய்லர் காலியாக இருந்தபோது எடுத்தது, சாமான் ஏற்றியபின் திரும்ப அளக்கவும். கூடுதலாக ஆகும் நேரம் கால் மணி. வாங்குகிறவர்கள் இந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்க மாட்டோம் என்றால் டேப்பை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், அவர்கள் மாட்டும்போது பக்கத்தில் நின்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் வழியில் வருகிற எடைமேடையில் நிறுத்துங்கள். பார்களை அவிழ்த்து, டிரெய்லரைக் கழற்றி, மூன்று தரம் எடை போட ஒரு மணி நேரம் ஆகலாம், பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, நிறுத்துங்கள்.